டானிஸின் காவல்

ரோவீனாவுக்குப் பிள்ளைகள் என்றால் காலையில் ஏற்றி மாலையில் இறக்கிவிட வேண்டிய ஒரு கூச்சல். கனடாவின் வடக்கே, பழங்குடிகளுக்கென்று ஒதுக்கிய ஒற்றைத்தீவு ஏரி ரிசர்வின் பள்ளிப் பேருந்தை அவள்தான் ஓட்டினாள். கடைசிப் பிள்ளையும் இறங்கியபின் பேருந்தைத் தன் வீட்டு முற்றத்தில் நிறுத்தி எஞ்சினை அணைப்பாள். அப்போது வரும் அமைதிக்காகத்தான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லுவாள். லைல் என்று ஒருவன் இருந்தான். பனிச்சாலையில் லாரி ஓட்டுபவன். வாரத்துக்கு ஒருமுறை வந்து, சாப்பிட்டு, சிரித்துவிட்டுப் போவான். அந்த அளவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

அவளுடைய அக்கா கோரலியின் வீடு அதே சாலையின் மறுகோடியில் இருந்தது. கோரலியின் புருஷன் டெரில் அவளை அடிப்பான். இது ஊருக்கே தெரியும். அந்த வீட்டிலிருந்து சத்தம் வரும்போது மற்ற வீடுகளில் டிவியின் சத்தம் கூடும். ரோவீனா இரண்டொரு தடவை போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். உதடு வீங்கிய அக்காவே வந்து, "உன் வேலையப் பாத்துட்டுப் போடி" என்று கதவைச் சாத்தினாள். அதன்பின் ரோவீனா போகவில்லை.

ஏரி உறையத் தொடங்கிய நாட்களில் ஒரு விடியற்காலை, கோரலியின் மகள் டானிஸ் தம்பி ஜூடை முதுகில் சுமந்துகொண்டு, காலில் வெறும் சாக்ஸோடு பனியில் நடந்து மருத்துவ நிலையத்துக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது, அவனுக்கு ஆறு. "அம்மா எந்திரிக்க மாட்டேங்கறாங்க" என்று மட்டும் சொன்னாள். கோரலியை விமானத்தில் தெற்கே பிரின்ஸ் ஆல்பர்ட் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தாடையும் கையும் உடைந்திருந்தன. உயிருக்கு ஆபத்தில்லை. டெரிலைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. பிள்ளைகளின் பக்கம் வரக்கூடாது என்று பின்னால் கோர்ட்டு உத்தரவு போட்டது.

அக்காவின் துணிகளை எடுத்துப் போகத்தான் ரோவீனா மருத்துவ நிலையத்துக்கு வந்தாள். வந்த இடத்தில் குழந்தைகள் நலத்துறைப் பெண் போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அம்மா குணமாகும்வரை பிள்ளைகளைத் தெற்கே ஏதோ ஒரு குடும்பத்தில் விடப்போகிறார்களாம். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் இடம் கிடைப்பது கஷ்டமாம். டானிஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஜூடின் ஜாக்கெட்டை அவள் பிடித்திருந்த பிடியில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

"எதுக்குத் தெற்க? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று ரோவீனாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"நீங்க யாரு?"

"இவங்களோட சின்னம்மா" என்றாள் ரோவீனா.

அப்படித்தான் அவர்கள் அவள் வீட்டுக்கு வந்தார்கள்.

முதல் நாட்கள் யாருக்கும் சுகமாக இல்லை. டானிஸ் வந்ததும் வராததுமாக எல்லா ஜன்னல்களையும் திறந்து பார்த்தாள். எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, பின்பக்க வழி எங்கே போகிறது என்று விசாரித்தாள். அவர்களுக்கென்று ஒழித்துக் கொடுத்த அறையில் கட்டில் இருந்தும், அவள் கதவை ஒட்டித் தரையில் குறுக்கே படுத்தாள். ரோவீனா காலையில் கதவைத் திறந்தால் அது அவள் முதுகில் இடிக்கும். ஜூட் அதிகம் பேசவில்லை. பானக் என்ற தடித்த ரொட்டியைப் பிய்த்துத் தலையணைக்கு அடியிலும் பூட்ஸுக்குள்ளும் ஒளித்து வைத்தான். ரோவீனா அதற்குத் திட்டவில்லை. எலி வரும் என்று மட்டும் சொல்லி, ஒரு தகர டப்பாவைக் கொடுத்து, "இதுல வை. இது உன் டப்பா. யாரும் தொடமாட்டாங்க" என்றாள். அவன் மூடியை மூன்று நான்கு தடவை திறந்து மூடிப் பார்த்தான்.

லைலை அவள் மறந்தே போயிருந்தாள். லாரியை விட்டு இறங்கியதும் எப்போதும்போலப் படியேறி, பூட்ஸில் ஒட்டிய பனியைத் தடார் தடார் என்று உதைத்து உதிர்த்து, கதவைத் தள்ளிக்கொண்டு, "உள்ள யாராவது உயிரோட இருக்கீங்களா?" என்று கர்ஜித்தான். ஜூட் மேசைக்கு அடியில் மறைந்தான். டானிஸ் அடுப்பு கிளறும் இரும்புக் கம்பியோடு அவன் முன்னால் நின்றாள். மூஸ் மான் அளவுக்கு இருந்த அந்த மனிதன் கம்பியைப் பார்த்தான், மேசைக்கு அடியில் தெரிந்த சின்னக் கால்களைப் பார்த்தான். பின்வாங்கிப் போய் முற்றத்தில் நின்றான். வெளியே மூச்சு உறையும் குளிர்.

ரோவீனா சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். "கொஞ்ச நாளு வராத லைல்."

"கொஞ்ச நாளுன்னா?"

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன பத்துப் பிள்ள பெத்தவளா?"

லைல் தாடியைச் சொறிந்தான். "அவங்களுக்கு என்னப் பாத்து பயமா, சத்தத்தப் பாத்து பயமா?"

"யாருன்னு தெரியாம சத்தம் வந்தா பயம்."

மறுவாரம் சாலையிலிருந்தே ஒரு குரல் கேட்டது. "லைல் வர்றேன்! இன்னும் ரோட்லதான் இருக்கேன்! வயிறு காலி, கோவம் சுத்தமா இல்ல!" பின்பு கொஞ்சம் கிட்டத்தில், "இப்ப பஸ்ஸுகிட்ட வந்துட்டேன்! இந்த பஸ்ஸ கழுவி எத்தன வருஷம் ஆச்சோ!" பின்பு படியருகே, "பூட்ஸ கழட்டறேன்! வலது காலு சாக்ஸுல ஓட்ட! கட்டவிரல் எட்டிப் பாக்குது, யாரும் பயந்துக்காதீங்க!" அப்புறம் கதவை மெதுவாகத் தட்டினான். "வரலாமா? வேண்டாம்னா சூப்ப வெளிய குடுங்க, போயிடறேன்."

முதல் தடவை சூப் வெளியேதான் போனது. அவன் படியில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனான். அடுத்த முறையும் அப்படியே. மூன்றாம் முறை அவன் பஸ்ஸைப் பற்றிச் சொன்ன ஏதோ ஒன்றுக்கு ஜூட் களுக்கென்று சிரித்துவிட்டான். டானிஸ் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டாள். ஆனால் அன்று முழுக்கச் சுவரோடு சாய்ந்தே நின்றாள்.

ஊரில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு கூட்டம் நடந்தது. வெர்னா என்பவள் நடத்தினாள். நாற்பது வயது, கட்டைக் குரல். ரோவீனாவோடு பள்ளியில் ஒன்றாகப் படித்தவள். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து "உன் மனசுல என்ன இருக்கு, சொல்லு" என்று கேட்கும் ஆள் இல்லை அவள். ஏரிக்குக் கூட்டிப்போவாள். பனிக்கட்டியில் துளை போட்டு அடியில் வலை விடுவார்கள், மறுநாள் போய் இழுப்பார்கள். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும் என்பது அவள் கணக்கு. டானிஸ் ஜூடுக்குத் துணையாகத்தான் போனாள். தனக்கு அதெல்லாம் தேவையில்லை என்றாள். வலை இழுக்கும்போது மட்டும் கையுறையைக் கழற்றிவிட்டு மற்றவர்களை முந்திக்கொண்டு இழுத்தாள்.

"என்ன பண்ணணும்னு சொல்லித் தொலையேன் வெர்னா. எனக்கு ஒண்ணும் புரியல" என்று ரோவீனா ஒருநாள் கேட்டாள்.

"இப்ப பண்றதையே பண்ணு. சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வா. வர லேட்டாகும்னா போன் பண்ணு. அவங்கம்மா எப்ப வருவான்னு கேட்டா தெரியலன்னா தெரியலன்னு சொல்லு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்னு நெனச்சியா? பண்ணிப் பாரு."

கிறிஸ்துமஸ் கழிந்த ஒரு மதியம். டானிஸ் பள்ளி வாலிபால் அணியின் சட்டையைத் துவைத்து நாற்காலியில் போட்டிருந்தாள். அணியில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். ஜூட் தக்காளிச் சூப்பைத் தூக்கிக்கொண்டு வந்தவன் இடறி, கிண்ணத்தை அதன்மேலேயே கவிழ்த்தான். டானிஸின் கை நினைப்பதற்கு முன்னால் போய்விட்டது. அறைந்த வேகத்தில் பையன் கீழே விழுந்தான். விழுந்தவன் அழவில்லை. முழங்கையை மடக்கி முகத்துக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு, அசையாமல் கிடந்தான். அடுத்த அடிக்காகக் காத்திருந்தான்.

டானிஸ் அதைப் பார்த்தாள். பிறகு கோட்டுகூடப் போடாமல் வெளியே போய்விட்டாள்.

ரோவீனா முதலில் ஜூடைத் தூக்கி மடியில் வைத்தாள். கன்னத்தில் ஈரத்துணி போட்டாள். பக்கத்து வீட்டு பெர்னடெட்டைக் கூப்பிட்டு அவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பனியில் பதிந்த கால்தடத்தைப் பார்த்துப் போனாள். அது பேருந்தோடு நின்றது. டானிஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பற்கள் கிட்டிப்போயிருந்தன. ரோவீனா தன் இடத்தில் ஏறி எஞ்சினைக் கிளப்பினாள். சூடு வரும்வரை காத்திருந்து, பின்னால் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என் கைய வெட்டிப் போடணும் சின்னம்மா."

"அப்புறம் வாலிபால் எப்படி ஆடுவ?"

"சும்மா இருங்க. இது என் கையே இல்ல. அவரு கை." டானிஸ் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். "அவன் எப்படிக் கெடந்தான் பாத்தீங்கல்ல? நான் அப்படித்தான் கெடப்பேன். அப்ப நான் யாரு?"

ரோவீனா திருப்பிக் கேட்டாள். "உங்கப்பா அடிச்சிட்டு என்ன பண்ணுவாரு?"

"தூங்குவாரு. எந்திரிச்சு, காப்பி எங்கன்னு கேப்பாரு."

"நீ அடிச்சிட்டு இங்க வந்து நடுங்கிட்டு இருக்க. ரெண்டும் ஒண்ணான்னு எனக்குத் தெரியல. எனக்கு ஒண்ணு இல்லன்னுதான் தோணுது. ஆனா நீ அடிச்சது தப்பு. அத அவன்கிட்டதான் சொல்லணும், என்கிட்ட இல்ல."

"என்ன அனுப்பிடுவீங்களா?"

"எங்க?"

"தெற்க."

"உன்ன அனுப்பிட்டா அந்தச் சூப்புக் கறைய யாரு துவைக்கிறது?" என்றாள் ரோவீனா. பிறகு, விளையாட்டாகச் சொன்னது போதாது என்று பட்டதால், அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "அனுப்ப மாட்டேன். நீ என்ன பண்ணாலும் அனுப்ப மாட்டேன்" என்றாள்.

அதற்குப்பின் அவள் செய்தது அந்த ஊரில் வெகுநாள் பேசப்பட்டது. ஒரே ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு அந்தப் பெரிய மஞ்சள் பேருந்தை ஓட்டிப்போய் அதே சாலையில் இருந்த வெர்னாவின் வீட்டு வாசலில் நிறுத்தி ஹார்ன் அடித்தாள். வெர்னா கையெல்லாம் மாவோடு வந்து ஏறினாள். எல்லாவற்றையும் கேட்டாள். அடித்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேறொன்று கேட்டாள்.

"நீ ஏன் கதவுகிட்டயே படுக்கற?"

"யாராவது வந்தா எனக்கு முதல்ல தெரியணும்."

"காவலுக்கு உன்ன யாரு வெச்சாங்க?"

"யாரும் வெக்கல. நான் ஜூட் அளவு இருக்கும்போது ஜன்னல்கிட்ட நின்னு கத்துவேன். எல்லார் வீட்லயும் லைட் எரியும். ஒருத்தரும் வரல. அதான் நானே நின்னுக்கிட்டேன்." இதை அவள் குற்றம் சாட்டுவதுபோலச் சொல்லவில்லை. வானிலையைச் சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் ரோவீனாவை உலுக்கியது.

வெர்னா மெதுவாகச் சொன்னாள், "ராப்பகலா காவல் காக்கறவ கை எப்பவும் ஓங்கியேதான் இருக்கும். இனிமே காவலுக்கு நாங்க மாறி மாறி நிக்கறோம். உடனே நம்ப வேண்டாம். பாத்துட்டு நம்பு."

வீட்டுக்கு வந்ததும் டானிஸ் தம்பியின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "நான் உன்ன அடிச்சது தப்பு. நீ ஒண்ணும் பண்ணல." ஜூட் யோசித்தான். "சூப்பு கொட்டினேன்ல" என்றான். "சூப்பு கொட்டினா தொடைக்கணும். அடிக்கக் கூடாது" என்றாள் டானிஸ். அவன் சரி என்று சொல்லவில்லை. தகர டப்பாவை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டான். சாயங்காலம் திரும்பி வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தான், நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு.

மறுநாள் ரோவீனா சாலையின் ஒரு கோடியில் தொடங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். எல்லாருக்கும் ஒரே பேச்சுத்தான். "என் முற்றத்துல சத்தம் கேட்டா டிவிய அமத்திட்டு வெளிய வாங்க. சண்ட போட வேண்டாம், வாயத் தொறக்க வேண்டாம். வந்து நில்லுங்க." சிலர் தலையாட்டினார்கள். பெர்னடெட் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். கிழவர் ஆம்ப்ரோஸ், "குடும்ப விஷயத்துல ஊரு என்னத்துக்கு?" என்று முறைத்தார். "அந்தப் பொண்ணு ஜன்னல்ல நின்னு கத்தினப்ப உங்க வீட்ல லைட் எரிஞ்சுதாம் மாமா. அவ ஞாபகம் வெச்சிருக்கா" என்று சொல்லிவிட்டு ரோவீனா அடுத்த வீட்டுக்குப் போனாள்.

குளிர் உச்சத்தில் இருந்த ஒரு சனிக்கிழமை, பட்டப்பகலில், டெரில் வந்தான். வழக்கு முடியும்வரை பக்கத்து ஊரில் அண்ணன் வீட்டில் இருக்கும்படி அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். குடித்திருக்கவில்லை. முகம் மழித்து, நல்ல சட்டை போட்டிருந்தான். ரோவீனா போலீஸுக்குப் போன் போட்டாள். அவர்கள் வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆகும். கதவைத் திறந்து படியில் போய் நின்றுகொண்டாள்.

"நில்லுங்க அத்தான். அங்கயே நில்லுங்க."

"பிள்ளைங்களப் பாக்கணும். அஞ்சு நிமிஷம்."

"கோர்ட்டு கூடாதுன்னு சொல்லியிருக்கு."

"என் பிள்ளைங்களப் பாக்க நீ யாருடி நடுவுல?" அவன் முன்னால் வந்தான். குரல் ஏறியது. கீழ்ப்படியை ஓங்கி ஒரு உதை விட்டான். வீடே அதிர்ந்தது. தன் முதுகுக்குப் பின்னால் டானிஸ் இரும்புக் கம்பியோடு வந்து நிற்பது ரோவீனாவுக்குத் திரும்பாமலே தெரிந்தது. "உள்ள போ" என்று மெல்லச் சொன்னாள். டானிஸ் போகவில்லை.

அப்போது எதிரே ஒரு கதவு திறந்தது. பெர்னடெட் வீட்டுச் செருப்போடும் கையில் சிகரெட்டோடும் பனியில் இறங்கி நின்றாள். அடுத்த வீட்டுக் கதவு. அதற்கடுத்தது. மாவுக் கையோடு வெர்னா. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி. புருஷனின் கோட்டைப் போர்த்திக்கொண்டு இன்னொருத்தி. சாலை நெடுகக் கதவுகள் திறந்தன. ஒருவரும் பேசவில்லை. வாயிலிருந்து வந்த ஆவி மட்டும் ஒவ்வொருவர் தலைமேலும் எழும்பியது. கடைசியில் ஆம்ப்ரோஸ், சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, சாலை நடுவில் வந்து நின்றார்.

டெரில் திரும்பினான். "என்ன வேடிக்க பாக்கறீங்க?"

"ஆமாண்டா, வேடிக்கதான். இத்தன வருஷம் ஜன்னல் வழியா பாத்தோம். இன்னிக்கி வெளிய வந்து பாக்கறோம்" என்றார் ஆம்ப்ரோஸ். தட்டிலிருந்த இறைச்சித் துண்டு ஒன்றை எடுத்து மென்றார்.

டெரிலின் தோள்கள் தொங்கின. ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லாம் அவன் சின்ன வயதிலிருந்து பார்த்த முகங்கள். கையால் கண்ணைத் துடைத்தான். "என் பிள்ளைங்க, ரோவீனா" என்றான், இப்போது வேறு குரலில்.

"உங்க பிள்ளைங்கதான். இல்லன்னு யாரு சொன்னா? கை நீட்டற ஆம்பளைங்களுக்குன்னு ஒரு வகுப்பு நடக்குதுல்ல, அதுக்குப் போங்க. முழுசாப் போங்க. அப்புறம் கோர்ட்டு சொல்லட்டும். வெர்னா சொல்லட்டும். எல்லாத்துக்கும் மேல அவங்க ரெண்டு பேரும் சொல்லணும், பாக்கறோம்னு. அது வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க."

அவன் வண்டியில் ஏறிப் போனான். பாதி வழியில் போலீஸ் வண்டி அவனை எதிர்கொண்டு நிறுத்தியதாகப் பின்னால் கேள்வி.

ரோவீனா திரும்பினாள். டானிஸ் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாரும் வந்தாங்க" என்றாள். ரோவீனா கம்பியை வாங்கிக்கொண்டாள். அந்த விரல்கள் எளிதாகவே விட்டுக்கொடுத்தன.

"குளிர்ல என்ன நிக்கறீங்க, உள்ள வாங்க, டீ போடறேன்" என்று ரோவீனா சாலையைப் பார்த்துக் கத்தினாள். அது பெரிய தப்பாகப் போயிற்று. அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். கோப்பைகள் போதாமல் ஜாம் பாட்டில்களில் டீ ஊற்றினாள். பெர்னடெட் மூஸ் இறைச்சிச் சூப்பைச் சட்டியோடு தூக்கி வந்தாள். ஆம்ப்ரோஸ் தான் முறைத்ததையெல்லாம் மறந்து, இந்த யோசனையே தன்னுடையதுதான் என்பதுபோலப் பேசிக்கொண்டிருந்தார். ஜூட் கூட்டத்துக்குள் புகுந்து ஒவ்வொருவருக்கும் தன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு ரொட்டி கொடுத்தான். கல்லாகக் காய்ந்த ரொட்டி. ஒருவர் விடாமல் தின்றார்கள்.

அந்த இரைச்சலுக்கு நடுவே டானிஸ் சோபாவின் ஒரு மூலையில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள். கதவு திறந்து மூடியது, ஆண்கள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள், லைல் சாலையிலிருந்து, "லைல் வர்றேன்! எதுக்கு இத்தன செருப்பு வாசல்ல? யாராவது செத்துட்டாங்களா?" என்று முழங்கினான். அவள் புரண்டுகூடப் படுக்கவில்லை. இருட்டிய பிறகும் தூங்கினாள்.

ஏரியில் பனிக்கட்டி உடைந்து கரையொதுங்கிய நாட்களில், ஆஸ்பத்திரியிலும் பின்பு அங்கேயே ஒரு பெண்கள் காப்பகத்திலும் இருந்துவிட்டு, கோரலி வந்தாள். தாடை சற்றுக் கோணலாக ஒட்டியிருந்தது. ஜூட் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். டானிஸ் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஏன்மா திரும்பத் திரும்ப அவர்கிட்டயே போன?"

கோரலி பெட்டியைக் கீழே வைத்தாள். "பயம். அப்புறம் அவரு மேல ஆசையும் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்."

"எனக்கு உம்மேல கோவம்."

"கோவப்படு. எவ்வளவு நாள் வேணும்னாலும் படு. நான் இங்கதான் இருப்பேன்."

டானிஸ் அப்படியே செய்தாள். பாதி நாள் அம்மாவோடு பேசமாட்டாள். மீதி நாள் அவள் பின்னாலேயே சுற்றுவாள். ரிசர்வில் வீடு கிடைப்பது லேசான காரியம் இல்லை. கிடைக்கும்வரை நான்கு பேரும் ரோவீனாவின் வீட்டிலேயே முட்டி மோதிக்கொண்டு இருந்தார்கள். குளியலறைக்கு வரிசை நின்றது. அக்காவும் தங்கையும் உப்பு எவ்வளவு போடுவது என்று சின்ன வயதில் போட்ட அதே சண்டையை மறுபடி போட்டார்கள். லைல் இப்போதெல்லாம் வாரத்துக்கு மூன்று நாள் வந்தான். ஜூட் அவனைச் சித்தப்பா என்று கூப்பிடத் தொடங்கியபோது அவன் லாரியைக் கழுவப் போவதாகச் சொல்லி வெளியே போய் வெகுநேரம் நின்றான்.

வெயில் ஏறிய ஒரு வெள்ளிக்கிழமை வாலிபால் அணி லா ரோஞ்ச் என்ற ஊருக்குப் போட்டிக்குப் புறப்பட்டது. ஜூடை விட்டு டானிஸ் வெளியூரில் தங்கப்போவது அதுதான் முதல் தடவை. போகிற போக்கில் ரோவீனாவிடம், "போனதும் போன் பண்றேன். ராத்திரியும் பண்றேன். அவன் டப்பாவுல ரொட்டி இருக்கான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மாலை போன் வரவில்லை. இரவும் வரவில்லை. கோரலி படியில் போய்ப் போய் நின்றாள். ரோவீனா பயிற்சியாளருக்குப் போன் போட்டாள். பிள்ளைகள் சாப்பிட்டார்களாம், பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருக்கிறார்களாம், டானிஸும் அதில்தான் இருக்கிறாளாம். "கூப்பிடவா?" என்று அவர் கேட்டார். "வேண்டாம், விடுங்க" என்றாள் ரோவீனா.

மறுநாள் மதியம்தான் மணி அடித்தது.

"சின்னம்மா! ரெண்டு ஆட்டமும் தோத்துட்டோம்! கேவலமாத் தோத்தோம்! ஆனா என் செர்வ் ரெண்டு யாராலயும் எடுக்க முடியல. நாளைக்கி கடைசி ஆட்டம் இருக்கு. அத முடிச்சிட்டு எல்லாரும் நீந்தப் போறாங்க, நானும் போகட்டுமா?"

"நேத்து ஏண்டி போன் பண்ணல?"

"அய்யோ" என்றாள் டானிஸ், உண்மையிலேயே திகைத்து. "மறந்தே போச்சு சின்னம்மா."

ரோவீனா போனை மார்போடு அழுத்திக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். "மறந்துட்டாளாம்" என்றாள். கோரலியின் கோணல் முகம் மெல்ல மலர்ந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கூடவே கண்ணிலிருந்து வழிந்தது.

"போ, நீந்திட்டே வா" என்றாள் ரோவீனா போனில். "துண்டு எடுத்துட்டுப் போனியா?"